பாலைவனப் போர் குரூப் பில்ட்: முதலில் தேதி, பிறகு கிட்

வாடைக்காற்று (பாம்பன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தை பிறந்ததும் நாம் தொடங்கவிருக்கும் குரூப் பில்டுக்கு (ஒரே தலைப்பில் எல்லோரும் ஆளுக்கொரு மாடல் கட்டுவது) பாலைவனப் போர் என்று தலைப்பு முடிவாகிவிட்டதால், யார் எந்த வண்டியைக் கட்டுவது, அதற்கு எந்தக் கிட்டை (பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல் பெட்டி) வாங்குவது என்பதை இந்த இழையிலேயே பேசி முடித்துவிடலாம். கிட் விலை யாருக்கும் சிறிய தொகை இல்லை. பெட்டியைப் பிரித்த பிறகு அந்த வண்டி அந்தச் சண்டையிலேயே இல்லை என்று தெரியவந்தால் மனம் விட்டுப்போகும்.

கால எல்லையாக, இத்தாலி போரில் இறங்கிய 1940 ஜூன் 10 முதல் துனிசியாவில் அச்சு நாட்டுப் படைகள் சரணடைந்த 1943 மே 13 வரை என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. 1/35 (உண்மை வண்டியின் 35-இல் ஒரு பங்கு), 1/48, 1/72 ஆகிய மூன்று அளவுகளில் எதுவும் சரி. டாங்கி, கவச வண்டி, லாரி, இழுவைப் பீரங்கி, மோட்டார் சைக்கிள் எல்லாம் சேரும். விமானத்தை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோரிடமும் நான் அழுத்திக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கிட்டின் பெட்டிப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், முதலில் ஒரு சண்டையையும் ஒரு மாதத்தையும் தேர்ந்தெடுங்கள். அந்த மூன்று ஆண்டுகளில் இரு தரப்பிலும் வண்டிகள் ஏறக்குறைய ஒவ்வொரு பருவத்துக்கும் மாறின. வண்ணமும் அதே வேகத்தில் மாறியது. தேதியை முடிவு செய்துவிட்டால் எந்த வகை, எந்த வண்ணம், எந்தச் சின்னம், எந்தத் தரை என்ற கேள்விகளில் பாதிக்கு மேல் தாமாகவே தீர்ந்துவிடும்.

1940 டிசம்பரில் சிடி பர்ரானியில் பிரிட்டிஷ் தரப்பு தாக்கியபோது அங்கு ராஜா மட்டில்டா டாங்கிதான். அதன் முன்கவசம் 78 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. இத்தாலியரின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் அதைத் துளைக்க முடியாமல் திணறின. அந்தக் காலக்கட்டத்துக்கு 1/35-இல் டாமியாவின் மட்டில்டா நல்ல கிட். எதிர்த் தரப்புக்கு அதே நிறுவனத்தின் எம்13/40 என்ற இத்தாலிய டாங்கி இருக்கிறது. 1941 ஜனவரியில் தொப்ருக்கைக் கைப்பற்றியபோது, பிடிபட்ட இத்தாலிய டாங்கிகளின்மேல் ஆஸ்திரேலியர்கள் வெள்ளைக் கங்காரு வரைந்து தாங்களே ஓட்டினார்கள். எம்13/40 கட்ட நினைப்பவர் அதைப் பரிசீலிக்கலாம். கங்காருவைத் தூரிகையால் வரைவது கடினமான வேலை இல்லை.

1941 பிப்ரவரியில் ஜெர்மன் தளபதி ரோமெல் திரிப்பொலிக்கு வந்தார்; மார்ச்சில் அவருடைய டாங்கிகள் கப்பலிலிருந்து இறங்கின. அவை ஐரோப்பாவுக்கான அடர் சாம்பல் வண்ணத்திலேயே வந்து சேர்ந்தவை. ஜூனில் பிரிட்டிஷார் நடத்திய பேட்டில்ஆக்ஸ் தாக்குதலில்தான் அவர்களுடைய குரூசேடர் டாங்கி முதன்முதலாகக் களம் கண்டது. அதே சண்டையில் ஹல்ஃபாயா கணவாயில் புதைத்து வைத்திருந்த 88 மில்லிமீட்டர் பீரங்கிகள் மட்டில்டாக்களை நொறுக்கின. 1942 மே இறுதியில் கசாலாவில் கிராண்ட் டாங்கி தலைகாட்டியது. அக்டோபர் 23-இல் தொடங்கிய இரண்டாம் எல் அலமைனில் ஷெர்மன் வந்தது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால், 1941-ஆம் ஆண்டு தொப்ருக் முற்றுகைக் காட்சியில் ஷெர்மனை நிறுத்தும் தவறு நேராது.

இனி உங்கள் விருப்பங்களை எழுதுங்கள்.

-----

கீழக்கரை வத்தை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. துபாயில் இருக்கும் என் மச்சான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அங்குள்ள கடைகளில் கிடைக்கும் கிட் ஒன்றை வாங்கி வரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். எனக்கு நீண்ட நாளாக ஜெர்மானியரின் டைகர் டாங்கி கட்ட வேண்டும் என்ற ஆசை. டாமியாவிலேயே ஆப்பிரிக்கப் படைக்கான டைகர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. இதை எடுத்தால் நம் தலைப்புக்குள் வருமா? மணல்மேட்டின்மேல் ஏறி நிற்பதுபோல் அடித்தளம் அமைக்க எண்ணுகிறேன்.

-----

வாடைக்காற்று (பாம்பன்) எழுதியது:

வ அலைக்கும் ஸலாம் தம்பி. டைகர் தாராளமாக வரும், மணல்மேடு வராது. டைகர்கள் லிபியாவிலோ எகிப்திலோ ஒரு சண்டையிலும் இல்லை. 501-ஆம் கனரக டாங்கிப் படையின் முதல் வண்டிகள் 1942 நவம்பர் இறுதியில் துனிசியாவில் இறங்கி, டிசம்பர் தொடக்கத்தில் சண்டைக்குப் போயின. துனிசியாவின் வடபகுதி மலையும் வயலும் ஒலிவத் தோப்பும் கள்ளிவேலியும் நிறைந்த நாடு. அந்தக் குளிர்காலத்தில் மழை பெய்து சேறு கட்டியதால் இரு தரப்பு வண்டிகளும் சிக்கித் தவித்தன. ஆகவே உங்கள் டைகரின் சக்கரங்களில் காய்ந்த சேறும், பக்கத்தில் ஒரு கள்ளிப்புதரும் இருந்தால் அதுவே உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

கிட்டை வாங்கும்போது தொடக்கக் கால வகைதானா என்பதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வண்டியின் பின்புறத்தில் உருளை வடிவில் இரண்டு ஃபைஃபல் தூசி வடிகட்டிகளும், அவற்றிலிருந்து என்ஜின் மூடிக்குப் போகும் குழாய்களும் இருக்க வேண்டும். கடைசிக் கால டைகர் பெட்டியை யாராவது மலிவாகத் தந்தாலும் வேண்டாம். அதன் சக்கரமே வேறு. 1943 ஏப்ரல் 24-இல் பிரிட்டிஷார் கைப்பற்றிய 131 எண் கொண்ட டைகர் இன்றும் இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது. அதன் படங்கள் எல்லாக் கோணங்களிலும் கிடைப்பதால், முதல் டைகருக்கு அதையே மாதிரியாகக் கொள்வது எளிது.

மணல்மேடுதான் வேண்டும் என்று மனம் சொன்னால் வண்டியை மாற்றுங்கள். 1940-இல் ரால்ஃப் பாக்னால்டு உருவாக்கிய எல்.ஆர்.டி.ஜி. என்ற நெடுந்தூரப் பாலைவனப் படையின் ஷெவர்லே லாரி உண்மையிலேயே பெருமணற்கடலைக் கடந்து போனது. டாமியாவின் பழைய கிட் ஒன்று இருக்கிறது. அந்த லாரியில் ரேடியேட்டரிலிருந்து ஒரு குழாய் பக்கவாட்டிலிருந்த நீர்க்கலத்துக்குப் போகும். கொதித்து வெளியேறும் ஆவி அதில் குளிர்ந்து நீராகி மீண்டும் ரேடியேட்டருக்குத் திரும்பும். ஒரு சொட்டு நீரும் வீணாகாத அந்த ஏற்பாட்டைக் கிட்டில் கவனித்துக் கட்டினாலே பார்ப்பவர் நின்று பார்ப்பார். மணலில் புதைந்தால் சக்கரத்தின்கீழ் இடும் துளைத்தகடுகளையும் மறவாதீர்கள். 1942-இன் இறுதியில் இந்திய நெடுந்தூரப் படைப்பிரிவு ஒன்றும் இவர்களோடு இணைந்து இயங்கியது.

-----

உச்சிப்புளி பழைய சிப்பாய் எழுதியது:

தம்பிமார்களுக்கு வணக்கம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறேன். இந்த வேலையை இப்போதுதான் ஆற அமரச் செய்ய முடிகிறது. வாடைக்காற்று சொன்ன தேதி முறையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதுவரை பேசப்பட்ட வண்டிகளில் நம்மவர் ஓட்டிய வண்டி ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாலைவனப் போரில் இந்திய டிவிஷன்கள் மூன்று பங்கு பெற்றன: 4, 5, 10. சிடி பர்ரானியில் மட்டில்டாக்களுடன் சேர்ந்து முகாம் முகாமாகப் பிடித்தது 4-ஆம் இந்திய டிவிஷன்தான். அதே டிவிஷன் உடனே எரித்திரியாவுக்கு அனுப்பப்பட்டு, 1941 மார்ச் 27-இல் கெரன் மலை வீழும்வரை அங்குப் போரிட்டது. பிறகு மீண்டும் பாலைவனத்துக்கு வந்து, இரண்டாம் எல் அலமைனில் ருவைசாத் மேட்டைக் காத்து, துனிசியா வரை சென்றது. கறுப்புக் களத்தில் சிவப்புக் கழுகு அதன் சின்னம். அந்த டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்களின் (ராணுவப் பொறியியல் பிரிவினர்) கம்பெனியும் இருந்தது. படையில் அவர்களுக்குத் 'தம்பி' என்றே பெயர். கண்ணிவெடி அகற்றுவது, பாதை போடுவது, கிணறு தோண்டுவது என்று அவர்கள் செய்த வேலை இல்லாமல் எந்த டாங்கியும் ஓர் அடி நகர்ந்திருக்காது. அந்தப் படையில் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து போனவர்கள் ஏராளம். நம் மேசையில் ஜெர்மன் டாங்கிகள் வரிசையாக நிற்க, அவர்களுக்கு ஒரு லாரிகூட இல்லாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே நான் இரண்டைப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, கனடாவில் தயாரான சி.எம்.பி. (கனடிய ராணுவ மாதிரி) வகை லாரி. ஐ.பி.ஜி. நிறுவனம் 1/35-இல் ஷெவர்லே சி15ஏ முதலான சில வகைகளைத் தருகிறது. மூக்குச் சப்பையான அந்த முகப்பைப் பழைய போர்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பாலைவனத்தில் எண்ணிக்கையில் மிகுந்திருந்தவை டாங்கிகள் இல்லை, லாரிகள்தான். தண்ணீர், பெட்ரோல், குண்டு எல்லாம் அவற்றில்தான் போயின. பின்புறத்தில் தண்ணீர்ப் பீப்பாய்களும் நான்கு காலன் பெட்ரோல் தகரங்களும் அடுக்கி, பக்கத்தில் கண்ணிவெடியைத் தேடும் சாப்பர்கள் இருவரை நிறுத்தினால் முழுக் கதையும் அதில் வந்துவிடும். எல் அலமைன் சண்டை நடப்பதற்குள் போலந்துக்காரர்கள் வடிவமைத்த மின்னணுக் கண்ணிக்காட்டி கைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பு துப்பாக்கிக் கத்தியால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்ப்பதுதான் வழி. உங்கள் காட்சி 1941 என்றால் சாப்பர் கையில் கத்தி இருக்கட்டும். 1942 அக்டோபர் என்றால் வட்டத்தட்டுக் கருவி இருக்கட்டும். இதிலும் தேதிதான் முடிவு செய்கிறது.

இரண்டாவது, யுனிவர்சல் கேரியர் என்ற சங்கிலித்தடச் சிறு கவச வண்டி. 1941 பிப்ரவரியில் செகண்ட் லெப்டினன்ட் பிரேமிந்திர சிங் பகத், பாம்பே சாப்பர்ஸ் பிரிவைச் சேர்ந்தவர், நான்கு நாட்களில் 55 மைல் தொலைவில் 15 கண்ணிவெடிக் களங்களைக் கண்டறிந்து அகற்றினார். அவர் சென்ற கேரியர் இருமுறை வெடியில் சிக்கி, உடனிருந்தோர் மாண்டபோதும் வேலையை நிறுத்தவில்லை. விக்டோரியா கிராஸ் பெற்றார். அவர் ஏறிய வண்டியை 1/35-இல் கட்ட விரும்புகிறேன். ஆனால் அது சூடான் எல்லையை ஒட்டிய எத்தியோப்பியப் பாதை. வட ஆப்பிரிக்கா என்று எல்லை வகுத்தால் அது வெளியே போய்விடும். எரித்திரியாவையும் எத்தியோப்பியாவையும் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

-----

தொண்டித் துறை எழுதியது:

பழைய சிப்பாய் ஐயாவின் கோரிக்கையை வழிமொழிகிறேன். கெரனுக்கு மட்டில்டா டாங்கிகளும் போயிருக்கின்றன என்பதால், மட்டில்டா கட்டுபவருக்கும் அது இன்னொரு வாய்ப்பு.

என் வீட்டில் இடம் குறைவு. மேசையும் இல்லை, பிள்ளைகள் படித்து எழுந்த பிறகு அதே பலகையில்தான் என் வேலை. ஆதலால் 1/72. மட்டில்டா 1/35-இல் 16 சென்டிமீட்டர் வரும். 1/72-இல் 8 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு தட்டில் நான்கு வண்டிகளை வைத்து ஒரு சண்டையையே காட்டிவிடலாம்.

இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏர்ஃபிக்ஸின் பழைய சிறு டாங்கிகள் பல 1/76 அளவில் உள்ளவை. பெட்டியில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். தனியாக வைத்தால் தெரியாது. 1/72 வண்டியின் பக்கத்தில் வைத்தால் ஆறு மீட்டர் வண்டி நான்கு மில்லிமீட்டருக்கு மேல் குட்டையாக நிற்பது கண்ணில் படும். ஒரே அடித்தளத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம். ஏர்ஃபிக்ஸின் கிட்களை மட்டும் தனித் தொகுப்பாக வைத்தால் ஒரு குறையும் இல்லை.

-----

தேவிபட்டினம் மாணவன் எழுதியது:

வணக்கம் அண்ணன்மார்களே. இது எனக்கு முதல் டாங்கி கிட். இதற்கு முன் கார் கிட் மட்டும் கட்டியிருக்கிறேன். மட்டில்டா, குரூசேடர் இரண்டில் எது எளிது? நீல நிறப் பட்டைகள் கொண்ட மட்டில்டாவின் படத்தைப் பார்த்தேன், மிகவும் பிடித்துவிட்டது. அந்த நீலத்தை எப்படிக் கலப்பது?

-----

வாடைக்காற்று (பாம்பன்) எழுதியது:

தம்பி, முதல் கிட்டுக்கு டாமியாவின் மட்டில்டாவையே எடு. பக்கவாட்டுக் கவசம் சக்கரங்களையும் சங்கிலியின் பெரும்பகுதியையும் மறைத்துவிடுவதால், டாங்கி கட்டுவதில் பொறுமையைச் சோதிக்கும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். அந்தக் கவசத்தின் மேற்பகுதியில் சேறு வழிந்து இறங்குவதற்கென்று சாய்வான திறப்புகள் வரிசையாக இருக்கும். அவற்றின் உட்பகுதியைக் கவசத்தை ஒட்டுவதற்கு முன்பே வண்ணம் தீட்டிவிடு. ஒட்டிய பின் தூரிகை நுழையாது. குரூசேடர் அழகான வண்டி. பார்டர் மாடல், இத்தாலெரி இரண்டிலும் 1/35-இலும், டாமியாவில் 1/48-இலும் கிடைக்கிறது. அதன் ஐந்து பெரிய சக்கரங்களும் வெளியே தெரிவதால் ரப்பர் விளிம்பைப் பிசிறில்லாமல் தீட்ட வேண்டியிருக்கும். அதை இரண்டாவது கிட்டாக வைத்துக்கொள்.

நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வண்ணத்தில்தான் உலகம் முழுவதும் மாடல் கட்டுபவர்கள் பல ஆண்டுகள் தவறான வழியில் போனார்கள். அந்த நேர்கோட்டுப் பட்டை அமைப்புக்கு காண்ட்டர் வடிவம் என்று பெயர். 1940 இறுதியிலிருந்து 1941 இறுதி வரை பிரிட்டிஷ் டாங்கிகளில் பரவலாக இருந்தது. அடிப்படை வண்ணம் வெளிறிய மணல் மஞ்சள். அதன்மேல் வெள்ளி சாம்பல் என்று பெயரிடப்பட்ட ஒன்றும், ஸ்லேட் என்ற அடர்ந்த பச்சை சாம்பலும். அருங்காட்சியகத்தில் மறுபடி தீட்டப்பட்ட ஒரு மட்டில்டாவில் நடு வண்ணம் பளிச்சென்ற நீலமாக இருந்ததால், கிட் பெட்டிகளும் வண்ணக் குறிப்புகளும் அதையே பின்பற்றின. பழைய பிரிட்டிஷ் வண்ண அட்டைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், அது பச்சை கலந்த வெளிர் சாம்பல்தான் என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே நீல டப்பாவைத் திறக்கவே வேண்டாம். வெளிர் சாம்பலில் சிறிது பச்சையும் துளி மஞ்சளும் சேர்த்துக்கொள். பட்டைகளின் கோணம் வண்டிக்கு வண்டி வகுக்கப்பட்டது. கிட்டில் வரும் படத்தை அளவெடுத்து, மறைப்பு நாடா ஒட்டித்தான் தீட்ட வேண்டும்.

1942-க்குப் போனால் பட்டை தேவையில்லை. மணல் வண்ணம் ஒன்றே போதும், அல்லது அதன்மேல் ஒற்றை அடர் வண்ணம். அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட ஒரு வண்ணமும் நடைமுறைக்கு வந்தது. ஷெர்மன் எடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். ஷெர்மன் என்று பெட்டியில் எழுதியிருப்பது மட்டும் போதாது. எல் அலமைனில் நின்றவை எம்4ஏ1, எம்4ஏ2 ஆகியவை. எம்4ஏ1-இன் உடல் வார்ப்பில் செய்தது. விளிம்புகள் எல்லாம் உருண்டு வழுவழுப்பாக இருக்கும். மூலை கூர்மையான பற்றவைப்பு உடல் கொண்ட சாதாரண எம்4 கிட்டை மணல் வண்ணம் தீட்டி வைத்தால் அது எல் அலமைன் ஆகாது. கிராண்ட் வேண்டுவோர் டாகோம், மினிஆர்ட், அகாடமி ஆகியவற்றில் வசதிப்பட்டதை எடுக்கலாம். 1970-களின் டாமியா கிராண்ட் மலிவாகக் கிடைத்தாலும் அதன் அளவுகளைத் திருத்துவது பெரிய வேலை.

ஜெர்மன் தரப்புக்கு எனக்கு மிகவும் பிடித்த யோசனை, 1941 வசந்த காலத்தின் மூன்றாம் எண் பான்சர் டாங்கி, ஜி வகை. டிராகன் நிறுவனம் ஆப்பிரிக்கப் படைக்கான பெட்டியாகவே தந்திருக்கிறது. சாம்பல் வண்ணத்தில் வந்து இறங்கிய அந்த வண்டிகளுக்கு அங்கே அவசரமாக மஞ்சள் பழுப்பு அடித்தார்கள். படைவீரர்கள் ஏறி இறங்கும் இடங்களிலும், மூடிகளின் ஓரத்திலும், பொருட்கள் உரசும் இடங்களிலும் மேல்வண்ணம் தேய்ந்து அடியிலிருந்த சாம்பல் தெரிந்தது. முதலில் முழுவதும் சாம்பல் அடித்து, அதன்மேல் தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரேயைத் தெளித்து, பிறகு மஞ்சள் பழுப்பு அக்ரிலிக் அடித்து, காய்ந்ததும் நனைத்த முரட்டுத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால், ஈரம் பட்ட இடத்தில் மேல்வண்ணம் உரிந்து சாம்பல் எட்டிப் பார்க்கும். கைப்பிடி, ஏணிப்படி, மூடி விளிம்பு என்று தொடும் இடங்களில் மட்டும் தேய்க்க வேண்டும். எங்கும் தேய்த்தால் வண்டி சொறி பிடித்ததுபோல் ஆகிவிடும்.

எரித்திரியா, எத்தியோப்பியா இரண்டையும் சேர்த்துக்கொள்கிறோம், ஐயா. பகத்தின் கேரியர் கட்டாயம் வேண்டும். ரிச் மாடல்ஸ் முதல் வகைக் கேரியரைத் தருகிறது. 1941-க்கு அதுவே பொருந்தும்.

-----

வாலிநோக்கம் உப்பளம் எழுதியது:

தரையைப் பற்றி யாரும் விரிவாகப் பேசாததால் எழுதுகிறேன். அடித்தளம் அமைப்பதுதான் எனக்கு விருப்பமான வேலை.

நம் கரையில் மணலுக்குக் குறைவில்லை என்பதால், தனுஷ்கோடியில் ஒரு பை மணலை அள்ளி வந்து கொட்டிவிடலாம் என்று பலரும் நினைப்பார்கள். செய்ய வேண்டாம். அரை மில்லிமீட்டர் மணல்துகள் 1/35-இல் 17 மில்லிமீட்டர் கூழாங்கல்லுக்குச் சமம். 1/72-இல் அது 36 மில்லிமீட்டர் கல். கடல்மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருப்பதால், வாடை மாதங்களில் அது காற்றின் ஈரத்தை இழுத்து, பசையை வெளுக்கச் செய்து, சில மாதங்களில் அடித்தளத்தின் மேற்பரப்பில் வெள்ளை பூத்துவிடும். சாயல்குடிப் பக்கத்துத் தேரிச் செம்மண் பொடியாக இருந்தாலும் வண்ணம் மிகச் சிவப்பு, லிபியாவுக்கு ஒவ்வாது.

தொப்ருக்கும் கசாலாவும் ருவைசாத்தும் மணல்மேடுகள் இல்லை. அவை சுண்ணாம்புப் பாறையின்மேல் மெல்லிய மண் படிந்த கட்டாந்தரைகள். எங்கும் சிதறிய கல், முழங்கால் உயரத்துக்கு முட்செடி. பதுங்குகுழி வெட்டப் பாறையைக் குடைய வேண்டியிருந்ததால், கல்லை அடுக்கித் தாழ்ந்த மறைப்புச் சுவர் கட்டிக்கொண்டார்கள். மேல்மண் மாவுபோல் நுண்ணியது. ஒரு லாரி போனாலே மைல் தூரத்துக்குப் புழுதி எழும். ஆகவே நான் செய்யும் முறை: வீட்டு வேலைக்குப் பயன்படுத்தும் சுவர்ப் பட்டியைத் தண்ணீரில் குழைத்துப் பலகையில் மெல்லப் பரப்பி, ஈரம் இருக்கும்போதே வண்டியின் சங்கிலித் தடத்தை அழுத்திப் பதிக்க வேண்டும். பிறகு வயற்காட்டு மண்ணை நன்னீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்த பொடியை மேலே தூவ வேண்டும். கல்லுக்கு இடிந்த காரைச் சுவரின் துண்டுகளைச் சுத்தியலால் தட்டி உடைத்தால் சுண்ணாம்புப் பாறையின் முறிவு அப்படியே வரும். முட்செடிக்குச் சீமைக்கருவேலத்தின் நுனி வேர்களும், தேங்காய் நாரும் போதும்.

பவளப்பாறைத் துண்டுகள் பார்க்க மிகப் பொருத்தமாக இருக்கும் என்று ஒருவர் முன்பு கேட்டார். மன்னார் வளைகுடாவின் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுவது. கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. நம் குழுவில் யாருடைய அடித்தளத்திலும் அது இருக்க வேண்டாம்.

இன்னொன்று. ஈச்சமரம் வைக்க நினைப்பவர்கள் பனை ஓலையின் வடிவத்தை வைத்துவிடாதீர்கள். நம் கண்ணுக்குப் பழகியது விசிறி ஓலை. பேரீச்சைக்குத் தென்னைபோல் நீண்ட மட்டையில் இருபுறமும் கீற்று. போர் நடந்த மேட்டில் பெரும்பாலும் மரமே இல்லை என்பதால், மரத்தை விட்டுவிடுவதே மேல்.

எங்கள் ஊர் உப்பளத்தைப் பார்த்து எனக்கு எழுந்த ஆசை ஒன்று உண்டு. எல் அலமைனுக்குத் தெற்கே கடல்மட்டத்துக்குக் கீழே 133 மீட்டர் வரை இறங்கும் கத்தாரா பள்ளம் இருக்கிறது. அதன் உப்புச் சதுப்பில் டாங்கிகள் போக முடியாததால்தான் கடலுக்கும் அதற்கும் இடைப்பட்ட குறுகிய வாயிலில் இரு படைகளும் முட்டிக்கொள்ள நேர்ந்தது. அந்த உப்புச் சதுப்பின் விளிம்பில் ஒரு ரோந்து வண்டி நிற்பதாகக் காட்சி அமைக்கப் போகிறேன். காய்ந்த உப்புத்தரை எப்படி வெடித்து விளிம்பு சுருண்டு நிற்கும் என்பதைப் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டிய தேவை எனக்கில்லை. வண்டிக்கு இத்தாலெரியின் ஏபி41 கவச வண்டியைத் தேர்ந்திருக்கிறேன்.

-----

கீழக்கரை வத்தை எழுதியது:

உப்பளம் காக்கா சொன்ன கல்தரையைப் படித்த பிறகு என் மனம் மாறிவிட்டது. டைகரைத் துனிசியாவிலேயே நிறுத்துகிறேன், கள்ளிவேலி அமைக்கிறேன். ஒரு சந்தேகம்: 1971-இல் பாகிஸ்தானோடு ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் நடந்ததும் பாலைவனப் போர்தானே? அவர்களுடைய டி-59 டாங்கிக்கு மினிஆர்ட் கிட் இருக்கிறது. அதைச் சேர்க்க முடியாதா?

-----

வாடைக்காற்று (பாம்பன்) எழுதியது:

லோங்கேவாலா நமக்கு மிக நெருக்கமான போர் என்பதில் ஐயமில்லை. 1971 டிசம்பர் 4, 5 தேதிகளில் 23-ஆம் பஞ்சாப் படையின் ஒரு கம்பெனி, ஜீப்பில் ஏற்றிய 106 மில்லிமீட்டர் பின்னுதைப்பற்ற பீரங்கியோடு இரவு முழுவதும் டாங்கிகளைத் தடுத்து நிறுத்தியது. விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்தன. அதை இந்தத் தொகுப்பில் ஓர் ஓரத்தில் வைப்பது அதற்கு நியாயம் செய்வதாகாது. வண்டி, ஜீப், விமானம் மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சண்டை. அதைத் தனி குரூப் பில்டாக அடுத்த ஆண்டு டிசம்பரில் வைத்துக்கொள்வோம். விமானம் கட்டுபவர்களும் அதில் சேரலாம்.

இனிக் கால அட்டவணை. பெரிய ஊர்களில் உள்ளவர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் நமக்கு இருக்கிறது, அது கடற்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரத்தில் லாக்கர் வகை மேற்பூச்சை அடித்தால், கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பூச்சில் படிந்து, மொத்த வண்டியும் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். ஆதலால்தான் தையில் தொடங்கச் சொன்னேன். தையில் ஒட்டுவேலை; மாசி, பங்குனியில் வண்ணம்; பனி விலகிய பிறகு முற்பகலில் அடிப்பது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுத் தொழிலில் உள்ள நம் நண்பர்களுக்கு அடித்தளம் அமைக்க நேரம் கிடைக்கும். கச்சான் காற்று வலுத்துவிட்டால் பாம்பன், மண்டபம் பக்கம் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் அடிக்க முடியாது. புழுதி வந்து ஒட்டும். ஆனி பிறப்பதற்குள் ஸ்ப்ரே வேலைகள் முடிந்துவிட வேண்டும்.

கம்ப்ரெசர் வைத்திருப்பவர்கள் ஈரப்பொறி இல்லாமல் வேலை செய்யாதீர்கள். நம் ஊரில் அதன் கண்ணாடிக் குப்பியில் சிறிது நேரத்திலேயே நீர் சேருவதைக் காணலாம். அதை வடித்துவிடாமல் தொடர்ந்தால் அந்த நீர் வண்ணத்தோடு சேர்ந்து துப்பி, வண்டியின் பக்கவாட்டில் வட்ட வட்டமாகக் கறை விழும். பித்தளைத் தகட்டுப் பாகங்களை வாங்கினால் உறையிலிருந்து எடுத்த அன்றே ஒட்டி, பிரைமர் அடித்துவிடுங்கள். உப்புக்காற்றில் விட்டால் கறுத்துப்போய் வண்ணம் பிடிக்காது. வண்டியில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட டிகால் தாள்களைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு வையுங்கள்.

தேவிபட்டினம் தம்பிக்குக் கம்ப்ரெசர் இல்லை என்று தெரியும். மட்டில்டாவின் பட்டைகளைத் தூரிகையாலேயே தீட்டலாம். வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை, ஒன்று முற்றிலும் காய்ந்த பிறகு அடுத்தது. மறைப்பு நாடாவின் விளிம்பில் முதலில் அடிவண்ணத்தையே ஒரு முறை பூசிவிட்டால், அடுத்த வண்ணம் நாடாவுக்கு அடியில் கசியாது.

-----

உச்சிப்புளி பழைய சிப்பாய் எழுதியது:

எல்லை விரிந்ததற்கு நன்றி. என் பெயருக்கு எதிரே கேரியரையும் சி15ஏ லாரியையும் பதிந்துகொள்ளுங்கள். வண்டி எண் எழுதுபவர்கள் முன்னெழுத்தைக் கவனியுங்கள்: பிரிட்டிஷ், இந்தியப் படைகளில் டாங்கி, கேரியர்களுக்கு டி, பெரிய லாரிகளுக்கு எல், சி15ஏ போன்ற சிறு லாரிகளுக்கு இசட், கவசக் கார்களுக்கு எஃப், மோட்டார் சைக்கிள்களுக்கு சி. கிட்டோடு வந்த டாங்கி எண்ணை லாரியில் ஒட்டிவிடக் கூடாது. சிவப்புக் கழுகு டிகால் தனியாகக் கிடைக்காவிட்டால் வரைந்து தருகிறேன். எத்தனை பேருக்கு, எந்த அளவில் வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

-----

தொண்டித் துறை எழுதியது:

எனக்கு 1/72-இல் இரண்டு கழுகு வேண்டும், ஐயா. ருவைசாத் மேடு, 1942 அக்டோபர்: ஒரு லாரியும், 25 பவுண்டர் பீரங்கியும், அதை இழுக்கும் குவாட் வண்டியும் வைக்கிறேன். லாரிக்கு ஒன்று, குவாட் வண்டிக்கு ஒன்று.

-----

தேவிபட்டினம் மாணவன் எழுதியது:

மட்டில்டாவுக்குச் சொல்லிவிட்டேன், அண்ணன். சிடி பர்ரானி, 1940 டிசம்பர். தரைக்கு மண் சலிக்க உப்பளம் அண்ணன் வீட்டுக்கு வரலாமா?

-----

வாலிநோக்கம் உப்பளம் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா, தம்பி. வரும்போது சிடி பர்ரானி முகாம்களின் படங்களை எடுத்து வா. அந்தப் பகுதி கடலோரச் சமவெளி, தொப்ருக்கைவிடக் கல் குறைவு. மண்ணின் வண்ணத்தை வெயிலில் வைத்துப் பார்த்தே முடிவு செய்வோம்.